ஆடிட்டில் பாஸான ஆஃபீஸ்கள்

மார்ச் மாதத்தை எங்கள் தொழிலில் ஸ்கிரீன்ஷாட் மாதம் என்றே சொல்லலாம். நிதியாண்டு முடிவதற்குள் ஆடிட்டில் எழுதப்பட்ட அப்சர்வேஷன், அதாவது குறைகள், எல்லாம் க்ளோஸ் ஆக வேண்டும். க்ளோஸ் ஆக எவிடென்ஸ் வேண்டும். எவிடென்ஸ் என்றால் பெரும்பாலும் ஒரு ஸ்கிரீன்ஷாட்தான். பாஸ்வேர்ட் விதியை மாற்றிய திரை, ஆன்டிவைரஸ் பச்சை டிக் காட்டும் திரை, பயிற்சி வகுப்பில் ஊழியர்கள் கொட்டாவியை அடக்கிக்கொண்டு உட்கார்ந்திருக்கும் போட்டோ. மும்பையில் அந்தேரியிலிருந்து சர்ச்கேட் வரை எத்தனையோ ஆஃபீஸ்களின் ஐடி ஆட்கள் இரவு ஒன்பது மணிக்கு மேல் உட்கார்ந்து இதைத்தான் வேர்ட் ஃபைலில் ஒட்டிக்கொண்டிருப்பார்கள்.

நான் இருப்பது செம்பூரில். தகவல் பாதுகாப்பு ஆடிட்தான் பிழைப்பு. கூட்டுறவு வங்கிகள், ஷேர் புரோக்கர்கள், நவா ஷேவா துறைமுகத்தை நம்பி, சுங்கத்திலிருந்து சரக்கை விடுவித்துத் தரும் கிளியரிங் ஏஜென்ட்டுகள் என்று கலவையான வாடிக்கையாளர்கள். விதி போடுகிறவர்களும் பக்கத்திலேயே இருக்கிறார்கள். ரிசர்வ் வங்கி ஃபோர்ட்டில், பங்குச்சந்தையைக் கண்காணிக்கும் செபி பாந்த்ரா-குர்லா காம்ப்ளெக்ஸில். அதனால் இந்த ஊரில் சுற்றறிக்கை வந்த அன்றே அதைப் பற்றிய புலம்பலும் லோக்கல் ட்ரெயினில் கேட்டுவிடும்.

ஒரு கம்பெனியின் பாதுகாப்புப் பாலிசியைப் படித்துக்கொண்டிருந்தேன். எண்பது பக்கம், நல்ல அட்டை, இயக்குநர் கையெழுத்து. நடுவில் ஓரிடத்தில் 'நொய்டா தலைமை அலுவலகத்தின் சர்வர் அறை' என்று வருகிறது. இவர்களுக்கு நொய்டாவில் ஒரு பெட்டிக்கடை கூடக் கிடையாது. வேறு யாருக்கோ எழுதிய பாலிசியை வாங்கிப் பெயரை மட்டும் மாற்றியிருக்கிறார்கள். வேடிக்கை என்னவென்றால், எனக்கு முன்னால் வந்த ஆடிட்டர்கள் அதைப் பாஸ் செய்திருந்தார்கள். பாலிசி இருக்கிறதா என்பது கேள்வி. இருக்கிறது. டிக்.

பல வருடமாக இதையே பார்த்துப் பார்த்து, விதிகளை நான் இரண்டாகப் பிரித்து வைத்திருக்கிறேன். ஃபைலைக் காட்டி முடித்துவிடக்கூடியவை ஒரு வகை. செய்து காட்டினால்தான் உண்டு என்பவை இன்னொரு வகை. முதல் வகை எத்தனை பக்கம் இருந்தாலும் திருடனுக்குக் கவலையில்லை. இரண்டாவது வகையில் விதிகள் கொஞ்சம்தான், அவைதான் ஆபத்தான ராத்திரியில் உதவுகின்றன. ஆனால் ஆஃபீஸ்கள் அதிகம் திட்டுவதும் அவற்றைத்தான்.

ஒரு விஷயத்தை முதலில் சொல்லிவிடுகிறேன். அதிகாரிகள் ஏசி அறையில் உட்கார்ந்து தோன்றியதை எழுதுகிறார்கள் என்பது எல்லோருக்கும் பிடித்த புகார். எனக்கு அதில் உடன்பாடில்லை. இந்த விதிகளைக் கொஞ்சம் தோண்டினால் பெரும்பாலும் அடியில் ஒரு திருட்டு கிடக்கும்.

நம் கும்பகோணத்து சிட்டி யூனியன் வங்கியையே எடுத்துக்கொள்ளுங்கள். 2018 பிப்ரவரி 6 மாலை, வெளிநாட்டுக்குப் பணம் அனுப்பும் ஸ்விஃப்ட் அமைப்போடு இணைந்த பிரிண்டர் வேலை செய்யவில்லை. பிரிண்டர் மக்கர் பண்ணுவது எந்த ஆஃபீஸில் செய்தி? மறுநாள் கணக்கைச் சரிபார்க்கும்போதுதான், வங்கியில் யாரும் அனுப்பாத மூன்று பணப் பரிமாற்றங்கள் போயிருப்பது தெரிந்தது. துபாய், துருக்கி, சீனா ஆகிய மூன்று இடங்களுக்குமாகச் சேர்த்து கிட்டத்தட்ட 20 லட்சம் டாலர். ஒப்புதல் சீட்டு காகிதத்தில் வந்துவிட்டால் உடனே தெரிந்துவிடும் என்பதால் பிரிண்டரை முதலில் முடக்கியிருக்கிறார்கள். துபாய்க்குப் போன 5 லட்சம் டாலரை நியூயார்க்கில் இருந்த வங்கி வழியாகத் தடுக்க முடிந்தது. மறுநாளே யாரோ ஒழுங்காக டேலி பார்த்ததால் வந்த பலன் அது. எந்த ஸ்கிரீன்ஷாட்டிலும் அந்த வேலை தெரியாது.

இதே வித்தை இரண்டு வருடம் முன்பே டாக்காவில் நடந்திருந்தது. 2016 பிப்ரவரியில் வங்கதேச மத்திய வங்கியின் நியூயார்க் கணக்கிலிருந்து கிட்டத்தட்ட 95 கோடி டாலரை உருவப் பார்த்து, 8 கோடியே 10 லட்சம் டாலரை பிலிப்பைன்ஸுக்குக் கொண்டுபோய்விட்டார்கள். அங்கேயும் பிரிண்டர்தான் முதல் பலி. நாளைத் தேர்ந்தெடுத்த அழகைப் பாருங்கள். வியாழன் இரவு ஆரம்பித்தார்கள். வெள்ளி வங்கதேசத்தில் விடுமுறை. சனி, ஞாயிறு நியூயார்க்கில் ஆள் இல்லை. திங்கள் சீனப் புத்தாண்டு, மணிலாவில் விடுமுறை. புனேயின் காஸ்மாஸ் கூட்டுறவு வங்கிக்கு வந்தவர்களும் காலண்டர் பார்த்தே வந்தார்கள். 2018 ஆகஸ்ட் 11, இரண்டாம் சனிக்கிழமை, வங்கி விடுமுறை. ஏடிஎம்மில் பணம் கேட்டால் வங்கியிடம் அனுமதி வாங்கித் தரும் ஸ்விட்ச் என்ற கணினி அமைப்பின் நடுவே போலி ஸ்விட்ச் ஒன்றை நுழைத்துவிட்டு, 28 நாடுகளில் போலி கார்டுகளால் சுமார் 78 கோடி ரூபாயை ஏடிஎம்களில் எடுத்தார்கள். இந்தியாவுக்குள்ளும் கொஞ்சம் எடுத்தார்கள். திங்கட்கிழமை ஸ்விஃப்ட் வழியாக ஹாங்காங்குக்கு 13.92 கோடி. மொத்தம் 94 கோடி. நல்ல நாள் பார்ப்பதில் நம்மை விஞ்சிவிட்டார்கள்.

ரிசர்வ் வங்கி சும்மா இருந்ததா என்றால், இல்லை. ஸ்விஃப்ட்டைத் தவறாகப் பயன்படுத்தக்கூடும் என்று 2016 ஆகஸ்டிலிருந்து குறைந்தது மூன்று முறை வங்கிகளை ரகசியமாக எச்சரித்திருப்பதாக 2018 பிப்ரவரியில் அதுவே வெளிப்படையாகச் சொன்னது. மூன்று எச்சரிக்கையும் எங்கோ ஒரு ஃபைலில் ஒழுங்காகப் பஞ்ச் செய்யப்பட்டு இருந்திருக்கும் என்பதில் எனக்குச் சந்தேகமே இல்லை.

இனி, ஆஃபீஸ்கள் அதிகம் திட்டுகிற ஆறு மணி நேர விதிக்கு வருவோம்.

2022 ஏப்ரல் 28-இல் மத்திய அரசின் சைபர் பாதுகாப்பு அமைப்பான செர்ட்-இன் ஒரு உத்தரவு போட்டது. சைபர் தாக்குதல் கவனத்துக்கு வந்த ஆறு மணி நேரத்துக்குள் தங்களுக்குத் தெரிவிக்க வேண்டும். யார் எப்போது என்ன செய்தார்கள் என்று கணினி எழுதிவைக்கும் லாக் பதிவுகளை 180 நாள் வைத்திருக்க வேண்டும். எல்லாக் கணினிகளின் கடிகாரமும் அரசு நேர சர்வரோடு ஒத்துப்போக வேண்டும். பெரிய கம்பெனி, சின்னக் கம்பெனி பேதமில்லை. சிறு தொழில்களுக்குச் சில மாத அவகாசம் கிடைத்தது, அவ்வளவுதான். ஐரோப்பாவில் தனிநபர் தரவு கசிந்தாலே 72 மணி நேரம் கொடுக்கிறார்கள், இங்கே ஆறா என்று பெரிய கம்பெனிகள் கொதித்தன. (வங்கிகள் அவ்வளவாகக் கத்தவில்லை. 2016-லிருந்தே அவர்களுக்கு ரிசர்வ் வங்கி வைத்த கெடு இரண்டிலிருந்து ஆறு மணி நேரம்.)

எனக்குத் தெரிந்த அண்ணாச்சி ஒருவர் வாஷியில் கிளியரிங் ஏஜென்சி நடத்துகிறார். திருநெல்வேலிப் பக்கம். சின்ன வயதில் தாராவிக்கு வந்து, பிறகு துறைமுகத்து வேலையில் மேலேறியவர். அவரிடம் இந்த விதியைச் சொன்னபோது, "ஆறு மணி நேரத்துல என்ன தம்பி தெரியும்? திருடன் எந்த வழியா வந்தான்னு நாமளே தேடிக்கிட்டுல்லா இருப்போம்" என்றார்.

"எல்லாம் தெரிஞ்சுக்கிட்டுச் சொல்லணும்னு இல்ல அண்ணாச்சி. தெரிஞ்ச வரைக்கும் சொன்னா போதும், மிச்சத்த அப்புறம் அனுப்பலாம்."

"சரி, ராத்திரி ரெண்டு மணிக்கு சிஸ்டம் புட்டுக்கிச்சுன்னு வையுங்க. யாரு போன் பண்ணுவா?"

இந்தக் கேள்விதான் விதியின் உயிர். அவர் ஆஃபீஸில் ராத்திரி ஷிஃப்டில் இருக்கும் பையனுக்கு, சிஸ்டம் நின்றால் யாரைக் கூப்பிடுவது என்று தெரியாது. கூப்பிட்டால் திட்டு விழுமோ என்ற பயம் வேறு. நெட்வொர்க் பார்க்கிற வெண்டர் டோம்பிவிலியில் இருக்கிறார், இரவில் போனை எடுக்க மாட்டார். கேபிளைப் பிடுங்கச் சொல்லும் அதிகாரம் யாருக்கு என்று எவரும் யோசித்ததே இல்லை. ஆறு மணி நேரத்துக்குள் டெல்லிக்கு மெயில் போக வேண்டுமானால், இத்தனைக்கும் முன்கூட்டியே பதில் இருந்தாக வேண்டும். 72 மணி நேரம் கொடுத்திருந்தால் மூன்றாம் நாள் ஒரு வக்கீலை வைத்து நல்ல கடிதமாக எழுதிவிடலாம். ஆறு மணி நேரத்தில் அது நடக்காது. அதனாலேயே எனக்கு இந்த விதி பிடிக்கும்.

கடிகார விதியைப் பற்றிச் சொன்னால் ஆஃபீஸ்களில் சிரிப்பார்கள். தேசிய தகவலியல் மையம் அல்லது டெல்லியில் இந்திய நேரத்தைக் காக்கும் தேசிய இயற்பியல் ஆய்வகம், இவற்றின் நேர சர்வர்களோடு நம் கணினி ஒத்துப்போக வேண்டும். இதிலென்ன பாதுகாப்பு?

ஓர் ஆஃபீஸில் வாடிக்கையாளர் பட்டியல் வெளியே போய்விட்டது. சர்வர் லாக்கின்படி, மேனேஜரின் கணக்கைப் பயன்படுத்தி யாரோ உள்ளே நுழைந்தது இரவு 10:05. இணையத்துக்கும் ஆஃபீஸுக்கும் நடுவே காவல் நிற்கும் ஃபயர்வாலின் லாக்கின்படி, பெரிய ஃபைல் ஒன்று வெளியே போனது அதே நாள் மாலை 4:50. ஆள் வருவதற்கு ஐந்து மணி நேரம் முன்பே பொருள் போய்விட்டது! மாலை ஐந்து மணிக்கு அந்த சர்வரில் வேலை பார்த்துக்கொண்டிருந்த பையன் மேல் சந்தேகம் விழுந்துவிட்டது. சேர்ந்து ஆறு மாதம் கூட ஆகாத பையன். உண்மையில் அந்த ஃபயர்வால் பொருத்திய நாளிலிருந்து உலகப் பொது நேரமான யுடிசியிலேயே ஓடிக்கொண்டிருந்தது. ஐந்தரை மணி நேரத்தைக் கூட்டினால் 4:50 என்பது 10:20. நுழைந்து கால் மணி நேரத்தில் எடுத்துப் போயிருக்கிறார்கள். அந்தப் பையனை அதற்குள் இரண்டு சுற்று விசாரித்து முடித்திருந்தார்கள். அவன் கொஞ்ச நாளில் வேறு வேலைக்குப் போய்விட்டான், போகாமல் என்ன செய்வான்.

லாக் விஷயமும் இப்படித்தான். "லாக் எடுக்கறோம் சார்" என்பார்கள். எடுக்கிறார்கள், சரி. சின்ன ஆஃபீஸ்களில் இருக்கும் ஃபயர்வால் பெட்டிக்குள் இடம் குறைவு. நிறைந்ததும் பழையதன் மேலேயே எழுத ஆரம்பித்துவிடும். தனியாக ஒரு சேமிப்பு வைத்து அனுப்பாவிட்டால், கேட்கும்போது கையில் இருப்பது சில நாள் பதிவுதான். உள்ளே வந்தவனோ அன்றைக்கே வேலையைக் காட்டுவதில்லை. மாதக்கணக்கில் பதுங்கியிருந்து வேடிக்கை பார்ப்பான். ஆடிட் போனால் நான் 'லாக் பாலிசி உண்டா' என்று கேட்பதை விட்டுவிட்டேன். 'நாலு மாசத்துக்கு முன்னால ஒரு செவ்வாய்க்கிழமை காலை பதினோரு மணி, அந்த நேர லாக்கை எடுங்க' என்பேன். அறையில் வெப்பநிலை மாறும்.

பேக்கப்புக்கும் இதே வைத்தியம். பேக்கப் ரிப்போர்ட் தினமும் 'சக்சஸ்' என்று வருகிறது, அதைப் பிரிண்ட் எடுத்து ஃபைல் பண்ணுகிறார்கள். எங்கே வைத்திருக்கிறீர்கள் என்று கேட்டால், சர்வரிலேயே செருகியிருக்கும் ஒரு ஹார்ட் டிஸ்க்கைக் காட்டுவார்கள். ஃபைல்களைப் பூட்டிவைத்துப் பணம் கேட்கும் ரான்சம்வேர் வந்தால் சர்வரோடு சேர்த்து அதையும் பூட்டிவிடும். வீட்டுச் சாவியின் நகலை அதே பூட்டிலேயே தொங்கவிட்டிருப்பது மாதிரி. ஏதோ ஒரு ஃபைலை அழித்துவிட்டுத் திரும்பக் கொண்டுவந்து காட்டுங்கள் என்றால், அந்த மென்பொருளின் பாஸ்வேர்ட் தெரிந்தவர் வேலையை விட்டுப் போயிருப்பார்.

நவா ஷேவாவில் இருப்பவர்களுக்கு இதைப் பாடம் எடுக்க வேண்டியதில்லை. 2017 ஜூன் கடைசியில் நாட்பெட்யா என்ற நாசகார மென்பொருள் தாக்கியபோது இங்குள்ள ஜவஹர்லால் நேரு துறைமுகத்தில் மெர்ஸ்க் என்ற கப்பல் குழுமத்தின் முனையம் நின்றுபோனது. கன்டெய்னர் எங்கே இருக்கிறது, எந்தக் கப்பலுக்குப் போக வேண்டும் என்று சொல்லும் கணினி இல்லை. லாரி வரிசை வெளியே ரோட்டுக்கு வந்தது. இத்தனைக்கும் மும்பையை யாரும் குறிவைக்கவில்லை. உக்ரைனில் வரிக்கணக்குப் போடும் ஒரு மென்பொருளின் அப்டேட் வழியாகக் கிளம்பிய சனியன் அது. அது பயன்படுத்திய விண்டோஸ் ஓட்டைகளுக்கு மைக்ரோசாஃப்ட் மூன்று மாதம் முன்பே பேட்ச், அதாவது திருத்தம், கொடுத்திருந்தது. மெர்ஸ்க் உலகம் முழுக்க 4,000 சர்வர், 45,000 கணினிகளைப் பத்து நாளில் புதிதாக நிறுவ வேண்டியிருந்ததாக அதன் தலைவரே பிறகு சொன்னார். அந்தக் குழுமத்தின் பயனர் விவரங்கள் அனைத்தையும் வைத்திருந்த சர்வர்கள் எல்லா நாடுகளிலும் அழிந்தன. கானாவில் மட்டும் ஒன்று தப்பியது, மின்வெட்டில் அணைந்து கிடந்ததால். கரண்ட் கட்டைத் திட்டுகிறவர்கள் கவனிக்க.

அண்ணாச்சி அந்த வாரத்தை நேரில் பார்த்தவர். "பேப்பர்ல எழுதிக் கையெழுத்து வாங்கி லாரிய அனுப்புனோம் தம்பி, எங்க காலத்துப் பழக்கம் அன்னைக்குக் கைகொடுத்துச்சு" என்பார். கணினி இல்லாமல் இரண்டு நாள் ஓட்ட முடியுமா என்று ஒரு நிறுவனத்தைக் கேட்டுப் பார்ப்பது நல்ல பரீட்சை. இளைய தலைமுறை ஆஃபீஸ்களில் அந்தக் காகிதப் படிவமே கிடையாது.

நம் வீட்டைப் பூட்டினாலும் பக்கத்து வீட்டுக் கதவு வழியாக வரலாம் என்பது இப்போதைய பெரிய தலைவலி. 2024 ஜூலை 31 அன்று கிட்டத்தட்ட 300 சிறிய வங்கிகளின் யுபிஐ, ஏடிஎம் சேவைகள் தடைபட்டன. அந்த வங்கிகளில் யாரும் புகவில்லை. அவற்றுக்கெல்லாம் கணினி வசதி தரும் சி-எட்ஜ் என்ற நிறுவனத்தை ரான்சம்வேர் பாதித்ததால், யுபிஐயை நடத்தும் என்பிசிஐ அதைப் பொதுக் கட்டமைப்பிலிருந்து பிரித்துவைத்தது. மறுநாள்தான் இணைப்பு திரும்பியது. கிளவுட்செக் என்ற சைபர் பாதுகாப்பு நிறுவனம் வெளியிட்ட ஆய்வு, சி-எட்ஜோடு சேர்ந்து வேலை பார்த்த இன்னொரு கம்பெனியின் ஒழுங்காக அமைக்கப்படாத ஜென்கின்ஸ் சர்வரை (மென்பொருள் உருவாக்குபவர்கள் பயன்படுத்துவது)க் கைகாட்டியது. ஜென்கின்ஸில் இருந்த ஓட்டைக்கு ஜனவரியிலேயே திருத்தம் வந்துவிட்டது. வங்கி, அதன் வெண்டர், அந்த வெண்டரின் வெண்டர், அவருடைய ஒரு சர்வர். எந்தக் கிராமத்திலோ ஒரு பால்காரர் ஏடிஎம் வாசலில் நின்று திரும்பிப் போகிறார். ரிசர்வ் வங்கி மூன்று நாளைக்கு ஒரு சுற்றறிக்கை போட்டாலும் அந்தக் கடைசி சர்வர் வரை அது போய்ச் சேராது.

என் தொழிலையும் சொல்லத்தான் வேண்டும். ஆடிட் டெண்டர்களில் பெரும்பாலும் குறைந்த விலை சொன்னவருக்கே வேலை. அந்த விலைக்கு என்ன செய்ய முடியும்? ஒரு ஸ்கேனிங் கருவியை ஓட்டிவிட்டு, அது கக்குகிற முந்நூறு பக்கத்தை லோகோ போட்டுக் கொடுக்கலாம். ஆடிட் செய்யப்படுகிறவரே ஆடிட்டருக்குச் சம்பளம் கொடுக்கிற ஏற்பாட்டில் கடுமையாக எழுதினால் அடுத்த வருடம் கூப்பிட மாட்டார்கள். இதெல்லாம் எல்லோருக்கும் தெரியும்.

செபி 2024 ஆகஸ்டில் கொண்டுவந்த சைபர் கட்டமைப்பில் எனக்குப் பிடித்த ஓர் அம்சம் உண்டு. நிறுவனங்களை அளவைப் பார்த்து ஐந்து வகையாகப் பிரித்து, சிறியவர்களுக்காக என்எஸ்இ, பிஎஸ்இ ஆகிய இரண்டு பங்குச்சந்தைகளும் பொதுக் கண்காணிப்பு மையம் நடத்தட்டும் என்றது. காட்கோபரில் நாலு பேரை வைத்து நடத்தும் சின்ன புரோக்கர் மாதிரியான ஆட்கள் இருபத்துநாலு மணி நேரமும் லாக்கைப் பார்த்துக்கொண்டிருக்க முடியாது என்பதை ஒரு ஒழுங்குமுறை அமைப்பு ஒப்புக்கொண்டதே பெரிய விஷயம். அமலுக்கு வரும் தேதி என்னவோ தள்ளித் தள்ளிப் போய் 2025 ஆகஸ்ட் 31-இல் வந்து நின்றது.

அண்ணாச்சி மாதிரி சிறிய ஆட்களுக்கு விதி அரசாங்கத்திடமிருந்து நேராக வருவதில்லை, பெரிய வாடிக்கையாளர் வழியாக எக்செல் ஷீட்டாக வருகிறது. இருநூறு சொச்சம் கேள்வி. அவருடைய தங்கை மகன் உட்கார்ந்து மேலிருந்து கீழ் வரை 'எஸ்' என்று இழுத்துவிட்டிருந்தான். 'உங்கள் நிறுவனம் அணு மின் நிலையக் கட்டுப்பாட்டு அமைப்புகளைக் கையாள்கிறதா' என்ற கேள்விக்கும் எஸ். அதையும் அந்தப் பெரிய கம்பெனி ஏற்றுக்கொண்டது. அந்த வருடமே, பழைய சப்ளையர் பெயரில் 'எங்கள் வங்கிக் கணக்கு மாறிவிட்டது' என்று இவர்களுக்கு ஒரு மெயில் வந்தது. முகவரியில் ஆங்கில எம் எழுத்து இருக்க வேண்டிய இடத்தில் ஆர், என் இரண்டும் ஒட்டி நின்றன. பில் போடும் அம்மா பழைய நம்பருக்கு ஒரு போன் அடித்துக் கேட்டதால் பணம் தப்பியது. அந்த எக்செல்லில் 'போன் அடித்துக் கேட்பீர்களா' என்ற கேள்வி இல்லை.

இப்போது அவர் கவலை டிஜிட்டல் தனிநபர் தரவுப் பாதுகாப்புச் சட்டம். 2023-இல் வந்த சட்டம். விதிகள் 2025 நவம்பரில் வெளியாகி, முக்கியமான கடமைகளுக்குப் பதினெட்டு மாத அவகாசம் ஓடிக்கொண்டிருக்கிறது. பாதுகாப்பில் கோட்டை விட்டு மக்களின் தகவல் கசிந்தால் அபராதம் 250 கோடி ரூபாய் வரை.

"நம்ம கம்பெனிய, அந்தக் கட்டடத்த, என்னையும் சேத்து வித்தாலும் அவ்வளவு வராதே தம்பி."

அது உச்சவரம்புதான் என்றும், தவறின் தீவிரம், பாதிப்பைக் குறைக்க என்ன செய்தோம் என்பதையெல்லாம் பார்த்தே தரவுப் பாதுகாப்பு வாரியம் தொகையை முடிவு செய்யும் என்றும் சொன்னேன். அவர் கணினியில் 'டிரைவர்' என்று ஒரு ஃபோல்டர். வாட்ஸ்அப்பில் வந்த ஆதார், லைசென்ஸ் போட்டோக்கள். 2011-இல் ஒரே ஒரு டிரிப் அடித்துவிட்டுப் போன ஆளுடையதும் இருக்கிறது. தேவை முடிந்த தகவலை, வேறு சட்டம் வைத்திருக்கச் சொல்லாவிட்டால் அழிக்க வேண்டும் என்பது இந்தச் சட்டத்தில் இருக்கிறது. என் கணக்கில் இது இரண்டாவது வகை விதி. பாலிசி எழுதி நிறைவேற்ற முடியாது, உட்கார்ந்து அழிக்க வேண்டும். அழித்துவிட்டால் கசிய ஒன்றும் இல்லை.

அண்ணாச்சி கொஞ்ச நேரம் ஃபோல்டரையே பார்த்தார். "கம்ப்யூட்டர்ல இருக்கதுக்குத்தானே சட்டம்? பேப்பர்ல இருந்தா?"

வெறும் காகிதமாகவே இருந்தால் இந்தச் சட்டத்துக்குள் வராதுதான் என்றேன்.

"அப்ப எல்லாத்தையும் ஒரு பிரிண்ட் எடுத்து பீரோல வச்சிக்கிட்டு, இத அழிச்சிரவா?"

தங்கை மகன் பிரிண்டருக்குப் பேப்பர் இருக்கிறதா என்று பார்க்க எழுந்துவிட்டான்.